வடக்குத் தெரு மீட்புக் குழு

பூன் லே, சிங்கப்பூர்
12 ஜனவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

மாறன் எழுதுகிறேன். நான் நலம். நீ, அத்தான், அப்பா மூவரும் நலம்தானே? பொங்கல் வாழ்த்து இந்தக் கடிதம் வந்து சேர்வதற்குள் பழசாகியிருக்கும். இருந்தாலும் எடுத்துக்கொள்.

நீ சொன்னபடி காகிதத்தில் எழுதுகிறேன். ஒத்திகையைப் பற்றி நீ பேசி அனுப்பிய குரல் பதிவைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டது நான்தான். அதை எவன் தாலுகா ஆபீஸ் வரைக்கும் தள்ளிவிட்டான் என்று தெரியவில்லை. துணை வட்டாட்சியர் உன்னை நிற்க வைத்தே விசாரித்தார் என்று கேட்டதும் நான் போனில் கத்தினேன். "இனிமே இந்தப் பேச்சு போன்ல வேண்டாம். எழுது. எழுதினாலாவது யோசிப்ப" என்று நீ வைத்துவிட்டாய். யோசித்துவிட்டேன். கோபம் அப்படியேதான் இருக்கிறது.

புதன்கிழமை நடந்த ஒத்திகை வீடியோவை இங்கே நம் தெருச் சின்னத்தம்பி அண்ணன் காட்டினார். அணுமின் நிலையத்தில் கசிவு ஏற்பட்டதாக வைத்துக்கொண்டு ஊரைக் காலி செய்யும் ஒத்திகை. பன்னிரண்டு மணிக்கு அடிக்க வேண்டிய சைரன், ராகுகாலம் முடியட்டும் என்று ஒன்றரைக்கு மேல் அடித்திருக்கிறது. கதிர்வீச்சும் பஞ்சாங்கம் பார்த்து வருமா? பஸ் முன்னாடியே வந்து நிற்கிறது. ஜனங்கள் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு ஏறுகிறார்கள். பள்ளிக்கூடத்தில் சாம்பார் சாதம். கடைசியில் அதிகாரிகள் வரிசையாக நின்று போட்டோ.

நான் இங்கே ரசாயன ஆலைக்கு அவசரகாலத் திட்டம் எழுதிப் பிழைப்பவன். ஜூரோங் தீவில் ஒத்திகை எப்போது என்று எங்கள் மேலாளருக்கே சொல்ல மாட்டோம். திட்டத்தைக் கையில் எடுத்தால் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: யார் செய்வது? பதவியைச் சொன்னால் விடமாட்டேன், ஆளின் பேர் வேண்டும்.

வீடியோவில் அப்பாவைக் காணவில்லை. பக்கவாதம் வந்து எழுந்து உட்கார முடியாத மனிதரை ஒத்திகையில் எங்கே வைத்தீர்கள்? நாளைக்கு நிஜமாகவே அடித்தால் அவரைத் தூக்குவது யார்? ஊராட்சிச் செயலர் நீதானே. நம் வடக்குத் தெருவுக்குத் திட்டத்தில் யார் பேர் இருக்கிறது என்று எழுது.

அப்பாவைக் கேட்டதாகச் சொல்.

உன் தம்பி
மாறன்


கீழத்துறை
2 பிப்ரவரி 2025

அன்புத் தம்பி மாறனுக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். அப்பாவுக்கு வலது கை இன்னும் வரவில்லை. பேச்சு கொஞ்சம் தெளிந்திருக்கிறது. தைக்குளிர் இந்த வருஷம் லேசுதான். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? சமைக்கச் சோம்பலாக இருந்தால் ரொட்டியைத் தின்று படுத்துவிடாதே.

ஒத்திகையன்று அப்பாவை வெளியே கொண்டுவர வேண்டாம் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். கட்டிலோடு தூக்கினால் நேரமாகும், பஸ் கிளம்பும் நேரம் தாமதமாகப் பதிவாகும் என்றார்கள். அவர் வீட்டிலேயே இருந்தார். சைரன் சத்தம் கேட்டதாகச் சொன்னார்.

நீ கேட்டது. வடக்குத் தெருவுக்கு மீட்புத் தொண்டர்கள் பதினோரு பேர். எனக்கு முன் இருந்த செயலரிடம் ஒரே நாளில் ஆண்கள் பட்டியல் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். அவர் எங்கே போவார்? அம்மன் கோயில் கொடைத் திருவிழா வரிப் பட்டியலை எடுத்து அப்படியே தட்டச்சு செய்து அனுப்பிவிட்டார். கொடைவரியில் பணம் அதிகம் கட்டுகிறவர்கள் மேலே வருவார்கள். வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கு இரட்டை வரி என்பது உனக்குத் தெரியும். அதனால் முதல் பதினோரு பேரும் வெளிநாட்டில்தான் இருக்கிறார்கள்.

சின்னத்தம்பி, குமரன், கபிலன் எல்லாரும் இருக்கிறார்கள். முதல் பேர் உன்னுடையது. குழுத் தலைவர் என்று போட்டிருக்கிறது.

அப்பா படுத்த பிறகு நம் வீட்டு வரியை நீதானே கட்டுகிறாய்.

உடம்பைக் கவனித்துக்கொள். மழையில் நனையாதே.

அக்கா
வைதேகி


பூன் லே
16 பிப்ரவரி 2025

அக்கா,

நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும். மரியாதைக்கு இது போதும். என்னால் இதற்கு மேல் நிதானமாக எழுத முடியாது.

உன் கடிதத்தை இன்றைக்கு லிட்டில் இந்தியாவுக்கு எடுத்துப்போனேன். ஞாயிற்றுக்கிழமை நம் ஊர்க்காரர்கள் பஃபலோ சாலை முனையில் ஒரு பரோட்டாக் கடையில்தானே கூடுவோம். நான் எழுந்து நின்று ஒவ்வொரு பேராக வாசித்தேன். சின்னத்தம்பி? "இந்தாருக்கேன்." குமரன்? "சால்னா வாங்கப் போயிருக்கான்." கபிலன்? "நைட் ஷிப்ட், தூங்குறான்." பதினோரு பேரில் என்னையும் சேர்த்து ஒன்பது பேர் சிங்கப்பூரில்; தூங்குகிறவனைத் தவிர எல்லாரும் அந்த இரண்டு மேசையில். மற்ற இருவர் மஸ்கட்டில்.

என்னோடு வேலை செய்யும் ரமீஸ் கூட வந்திருந்தான். இங்கேயே பிடோக்கில் பிறந்து வளர்ந்தவன், பேச்சுக்குப் பேச்சு 'லா' போடுவான். சிரித்துச் சிரித்து அவனுக்குக் குடித்த தே தாரிக் டீ புரையேறிவிட்டது. "டேய், ஒங்க ஊரு ரெஸ்க்யூ டீமே இங்க பரோட்டா சாப்பிடுது லா! சைரன் அடிச்சா டாக்சி புடிச்சு சாங்கி ஏர்போர்ட் போவீங்களா?" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்கப்புறம் பரோட்டா இறங்கவில்லை.

நேற்று மாலை இங்கே நாடு முழுக்கச் சைரன் அடித்தார்கள். வருஷத்துக்கு இரண்டு தடவை இப்படிச் சோதித்துப் பார்ப்பார்கள். எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே உட்கார்ந்திருந்தவர் போனிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. ஜனங்கள் எல்லா ஊரிலும் ஜனங்கள்தான், அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் இந்தச் சைரன் அடித்தால் எந்த ஆள் எந்தக் கதவைத் திறக்க வேண்டும் என்று ஒருவன் யோசித்து வைத்திருக்கிறான். அவனுக்குச் சம்பளமே அதற்குத்தான். உங்கள் கலெக்டர் ஆபீஸில் இந்தத் திட்டத்தைப் பத்துப் பேராவது கையெழுத்துப் போட்டு அனுப்பியிருப்பார்கள். ஒருத்தனுக்காவது ஒரு நம்பருக்கு அடித்துப் பார்க்கத் தோன்றவில்லையா? கோயில் வரியை வைத்துக் கதிர்வீச்சுக்கு ஆள் எடுத்திருக்கிறார்கள்! எங்கள் ஆலையில் இப்படி ஒரு திட்டத்தை நான் நீட்டினால் அன்றைக்கே என் வேலை பெர்மிட்டை வெட்டி அனுப்பிவிடுவார்கள்.

எல்லாப் பேரையும் அடித்துவிடு. ஊரில் இருக்கிறவர்களைப் போடு. ஒரு பேனா போதும். எதற்குத் தயங்குகிறாய்?

மாறன்


கீழத்துறை
9 மார்ச் 2025

அன்புத் தம்பிக்கு,

சுகம். உன் சுகம் அறிய ஆவல். வெயில் ஆரம்பித்துவிட்டது. அப்பா உன்னைப் பற்றி அடிக்கடி விசாரிக்கிறார். சிங்கப்பூரில் இப்போது மணி என்ன என்று கேட்பார். சொன்னால், "அப்ப வேலையில இருப்பான்" என்பார்.

ஒரு பேனா போதாது. மாவட்டத் திட்டத்தில் ஏறிய பேரை ஊராட்சிச் செயலர் அடிக்க முடியாது. சம்பந்தப்பட்ட ஆள், நான் இந்த ஊரில் வசிக்கவில்லை, என் பேரை நீக்கிவிடுங்கள் என்று கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். துணை வட்டாட்சியரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். இந்தத் தடவை நாற்காலி போட்டார்.

புதுப் பேர்களாக நாகம்மாவையும் தெருவில் இன்னும் பத்துப் பெண்களையும் எழுதிக்கொண்டு போனேன். சின்னத்தம்பி மனைவி நாகம்மாவை உனக்குத் தெரியுமே, ஐஸ் பெட்டியை ஒற்றை ஆளாக லாரியில் ஏற்றுவாள். "பொம்பளைங்க எப்பிடிம்மா தூக்குவாங்க? திடகாத்திரமான ஆண்கள்னு விதியிலயே இருக்கு" என்றார் துணை வட்டாட்சியர். "எங்க தெருவுல குடிதண்ணிக் குடத்தை யாரு தூக்குதாங்கன்னு ஒரு நாள் காலையில வந்து பாருங்க சார்" என்றேன். அவர் கோப்பை மூடிவிட்டார்.

முதலில் பழைய பேர்கள் நீங்கட்டும். பதினோரு பேரிடமும் எழுதி வாங்கி அனுப்பு. மஸ்கட்காரர்களுக்கு நான் எழுதுகிறேன்.

வெந்தயம் ஊறவைத்துக் குடி, உடம்புச் சூடு குறையும்.

வைதேகி


பூன் லே
6 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்குச் சுகத்துக்குக் குறைவில்லை. அப்பா சாப்பிடுகிறாரா? உன் முதுகுவலி எப்படி?

இந்த முட்டாள்களிடம் கையெழுத்து வாங்குவதற்கு ரியாக்டரையே பிரித்து மாட்டிவிடலாம்.

நான்கு ஞாயிறு ஓடிவிட்டது. தாளை நானே எழுதி, நகல் எடுத்து, பேனாவையும் கொண்டுபோய் நீட்டுகிறேன். ஒருத்தனும் போட மாட்டேன் என்கிறான். சின்னத்தம்பி அண்ணன் சொன்ன காரணத்தைக் கேள்: "பேரை வெட்டிட்டா நாளைக்கு வரியிலயும் வெட்டிருவான். அப்புறம் என் மவன் கல்யாணத்துக்குக் கோயில் மாலை எப்பிடி வரும்? நான் செத்தா ஊர் கூடுமா?" நான் தலையில் அடித்துக்கொண்டேன். இது வேறு, அது வேறு என்று படம் வரைந்து காட்டினேன். "எழுதினது ஒரே லிஸ்ட்டத்தான தம்பி" என்கிறார்.

துவாஸ் தொழிலாளர் டார்மிட்டரியில் ஓர் அறைக்குப் பன்னிரண்டு பேர். வருஷக்கணக்கில் அங்கே கிடக்கிறார்கள். அந்தக் கட்டில்கூட அவர்கள் பேரில் இல்லை. கீழத்துறை வடக்குத் தெருவில் ஒரு பேர் இருக்கிறதே, அதை விட மாட்டேன் என்கிறார்கள். எனக்கு அது புரியாமலில்லை. ஆனால் அந்தப் பேரை நம்பி அங்கே ஒரு கிழவர் கட்டிலில் கிடக்கிறாரே, அதை யார் இவர்களுக்குப் புரியவைப்பது?

குமரன் வேறு வாயைக் கிளறினான். "நீ போட்டியா மொதல்ல? எங்ககிட்ட பேனாவ நீட்டுத. ஒன் தாளு எங்க?" என்றான். எல்லாரும் போட்ட பிறகு கடைசியாகப் போடுகிறேன் என்று சொன்னேன். தலைவன் பேர் முதலில் போய்விட்டால் குழுவே இல்லையென்று ஆகிவிடும், நடைமுறைச் சிக்கல் வரும். அதனால்தான். உனக்குப் புரியும்.

அடுத்த ஞாயிறும் முயல்கிறேன். நீயும் அந்தத் துணை வட்டாட்சியரைச் சும்மா விடாதே.

உன்
மாறன்


கீழத்துறை
20 ஏப்ரல் 2025

தம்பி மாறனுக்கு,

எல்லாரும் சுகம். சித்திரைக்கு மாங்காய்ப் பச்சடி செய்தேன். அப்பா விரும்பிச் சாப்பிட்டார்.

செவ்வாய்க்கிழமை சைரன் அடித்தது. புது வயர் மாற்றியதில் தவறி அடித்துவிட்டதாகப் பிறகு சொன்னார்கள். யாருக்கும் ஒன்றும் இல்லை.

கையெழுத்துத் தாள்கள் இன்னும் வரவில்லை. முடிந்தால் சீக்கிரம் அனுப்பு.

கண்ணுக்கு ஓய்வு கொடு. எப்போதும் கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருக்காதே.

வைதேகி


பூன் லே
4 மே 2025

அக்கா,

யாருக்கும் ஒன்றும் இல்லையா?

உன் கடிதம் வருவதற்கு முன்பே எனக்குத் தெரியும். நாகம்மா போனில் சொல்லி, சின்னத்தம்பி அண்ணன் என்னிடம் சொல்லிவிட்டார். உச்சிவெயிலில் சைரன். பஸ் வரவில்லை. ஊரே ரோட்டில் ஓடியிருக்கிறது. ஒத்திகையில் ஏசி போட்டுக்கொண்டு நின்ற பஸ் எங்கே? எவன் கல்யாணத்துக்கு வாடகைக்குப் போயிருந்தது? நாகம்மாவும் இரண்டு பெண்களும் அப்பாவைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துப் பள்ளிக்கூடம் வரைக்கும் தூக்கியிருக்கிறார்கள். அங்கே போனால், லீவு என்று கேட் பூட்டு. சாவி தலைமை ஆசிரியரிடம், அவர் டவுனில். அப்பாவை வேப்பமரத்தடியில் வைத்துக்கொண்டு அந்தப் பெண்கள் நின்றிருக்கிறார்கள். காற்றில் என்ன வருகிறது என்று தெரியாத நேரத்தில், திறந்தவெளியில்! கதிர்வீச்சுக்குக் கொடுக்க வேண்டிய அயோடின் மாத்திரை? அது ஆரம்ப சுகாதார நிலையத்து அலமாரியில். அதற்கும் பூட்டு.

இரண்டு மணி நேரம் கழித்து ஒரு ஜீப் வந்து மைக்கில் "பதற்றம் வேண்டாம்" என்றதாம். ஜீப்புக்கு மட்டும் டீசல் இருந்திருக்கிறது. இதைச் செய்தவன் ஒவ்வொருத்தனையும் அந்தப் பூட்டிய கேட்டின் முன்னால் வெயிலில் நிறுத்த வேண்டும்.

நாகம்மாவுக்குத் தோள்பட்டை இறங்கிக் கட்டுப் போட்டிருக்கிறது. அதையும் நீ எழுதவில்லை. மாங்காய்ப் பச்சடியை எழுதத் தெரிகிறது உனக்கு!

அந்த நேரத்தில் நீ எங்கே இருந்தாய்? ஊராட்சி அலுவலகத்திலிருந்து வீடு கூப்பிடு தூரம். பெற்ற அப்பாவைத் தூக்க அடுத்த வீட்டுக்காரி வர வேண்டியிருந்ததா? ஏன் மறைத்தாய்? எனக்கு ஏன் உடனே அடிக்கவில்லை? போன் வேண்டாம் என்பதெல்லாம் இதற்கும் சேர்த்தா? அடித்திருந்தால் நான்

பதில் எழுது.

மாறன்


கீழத்துறை
18 மே 2025

மாறா,

சுகம். நாகம்மாவுக்குத் தோள் தேறி வருகிறது.

"அடித்திருந்தால் நான்" என்று எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விட்டாய். உன்னைக் குறை சொல்லவில்லை. அங்கே எனக்கும் எழுத எதுவும் தோன்றியிருக்காது.

நான் எங்கே இருந்தேன் என்று கேட்டாய். அலுவலகத்தில்தான் இருந்தேன். அத்தான் டவுனுக்குப் போயிருந்தார். சைரன் கேட்டதும் செயலர் தொலைபேசியை விட்டு நகரக் கூடாது என்பது விதி. மீட்புத் தொண்டர்களைப் பட்டியலில் உள்ள வரிசைப்படி அழைக்க வேண்டும். ஒவ்வோர் அழைப்பையும் பதிவேட்டில் எழுத வேண்டும். எழுதாவிட்டால், கடமை தவறியதாகச் சஸ்பெண்ட் செய்வார்கள். போன தடவை நீ குழுவில் போட்ட என் குரல் பதிவுக்கே எழுத்தில் விளக்கம் கேட்டார்கள். இது தவறிய சைரன் என்று அப்போது எனக்குத் தெரியாது. நிஜம் என்றுதான் நினைத்தேன்.

அதனால் முதல் பேருக்கு அடித்தேன். உன் பழைய இந்திய நம்பர். உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் சொன்னாள். விதிப்படி மறுபடியும் அடித்தேன். அதே பெண், அதே குரல். இரண்டு தடவையும் நேரம் போட்டு எழுதினேன். பிறகு சின்னத்தம்பி. பிறகு குமரன். யாரும் எடுக்க மாட்டார்கள் என்று தெரிந்தே பதினோரு பேருக்கும் அடித்தேன், மாறா. ஜன்னல் வழியாகத் தெருவில் ஜனங்கள் ஓடுவது தெரிந்தது. நம் வீடும் தெரிந்தது.

உனக்கு எவ்வளவு கோபம் இருக்கிறதோ அவ்வளவு எனக்கும் இருக்கிறது. நான் அதைக் கடிதத்தில் போடுவதில்லை.

நாகம்மா போனபோது அப்பா வர மாட்டேன் என்றிருக்கிறார். ஒத்திகையன்று பட்டியலை மைக்கில் வாசித்தார்கள், அது வீடியோவில் வரவில்லை போலிருக்கிறது; படுத்தபடியே கேட்டிருக்கிறார். "எம் மவன் பேரு போட்டுருக்குல்லா. அவன் வருவான். நீங்க போங்க" என்று கட்டில் சட்டத்தை இடது கையால் பிடித்துக்கொண்டாராம். நாகம்மா, "வருவான் மாமா, வருவான். அவன் வாரது வரைக்கும் எங் கழுத்தப் புடிங்க" என்று விரலை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தூக்கியிருக்கிறாள். தோள் இறங்கியது அதில்தான். நடந்து போனதில் இல்லை.

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நீ கேட்டாய்.

வைதேகி


பூன் லே
15 ஜூன் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

அப்பாவுக்கும் உனக்கும் அத்தானுக்கும் நலம் வேண்டுகிறேன். நாகம்மா மதினிக்குத் தனியாக.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு ஞாயிறு லிட்டில் இந்தியாப் பக்கமே போகவில்லை. மூன்றாவது ஞாயிறு போய், யாரிடமும் எதுவும் பேசாமல் என் தாளில் கையெழுத்துப் போட்டு மேசை நடுவில் வைத்தேன். "நான் கீழத்துறையில் வசிக்கவில்லை." ரொம்பச் சின்ன வாக்கியம். ஆலைத் திட்டத்தில் எத்தனையோ பேரை இப்படி நீக்கியிருக்கிறேன்.

குமரன் எட்டிப் பார்த்தான். கிண்டல் செய்வான் என்று நினைத்தேன். செய்யவில்லை. பேனாவை எடுத்தான்.

சின்னத்தம்பி அண்ணன் மட்டும் அசையவில்லை. கடைசியில் வீட்டுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார். "ஏட்டி, பேரை வெட்டச் சொல்லுதானுவ. வரியில தள்ளிட்டா என்ன செய்ய?" அந்தப் பக்கம் மதினி போட்ட சத்தத்தில் பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "வரியை எம் பேர்ல எழுதச் சொல்லும்! ஒம்ம பேரு பத்து வருசமா அங்க கெடந்து என்னத்தக் கிழிச்சிது? கையெழுத்தப் போட்டுட்டு வையும் போன. எனக்குத் தோளு வலிக்கி." ரமீஸ் மெதுவாக, "அண்ணே, மேடமே ஆர்டர் கொடுத்துட்டாங்க லா" என்றான். அண்ணன் போட்டார்.

கபிலன் அன்றைக்கும் வரவில்லை. டார்மிட்டரிக்கே போய் எழுப்பி வாங்கினேன். ஒன்பது தாளும் இதனுடன் இருக்கின்றன. ஆகஸ்டில் சின்னத்தம்பி அண்ணன் லீவில் வருகிறார். சுதந்திர தினத்துக் கிராமசபையில் அவர் நேரில் சாட்சி சொல்வார். விதி, திடகாத்திரம், ஆண்கள் என்று எவனாவது ஆரம்பித்தால் சும்மா விடாதீர்கள். தூக்கியவள் ஒருத்தி கட்டுப் போட்டுக்கொண்டு எதிரே நிற்கும்போது, தூக்காதவன் பேரை வைத்திருக்க எந்த விதிக்கு வெட்கமில்லாமல் போகும்?

அப்பாவிடம் நான் கையெழுத்துப் போட்டதைச் சொல்லாதே. எப்படிச் சொல்வது என்று எனக்கே தெரியவில்லை.

மாறன்


கீழத்துறை
24 ஆகஸ்ட் 2025

அன்புத் தம்பி மாறனுக்கு,

சுகம். நேற்றுக் கொஞ்சம் தூறல். நீ சின்னத்தம்பியிடம் கொடுத்துவிட்ட தைலமும் பிஸ்கட்டும் வந்து சேர்ந்தன.

ஜூலையில் உங்கள் தாள்களை மஸ்கட்காரர்களுடையதோடு சேர்த்து அனுப்பியிருந்தேன். அதற்கு வந்த பதிலை உனக்கு எழுதவில்லை. எழுதியிருந்தால் நீ விமானம் ஏறியிருப்பாய். "பட்டியலில் காலி இடம் விடுதல் கூடாது. தகுதியான மாற்று நபர்கள் கிடைக்கும்வரை ஏற்கெனவே உள்ள பெயர்களே தொடரலாம்." உன் பேர் மறுபடியும் ஏறிவிட்டது. ஆள் இல்லாமல் இருக்கலாம், காலி இடம்தான் கூடாதாம்.

கிராமசபைக்குத் துணை வட்டாட்சியர் வந்திருந்தார். பட்டியலை வாசிக்கச் சொன்னார்கள். சின்னத்தம்பி எழுந்து, "சார், இதுல இருக்குற யாரும் ஊர்ல இல்ல. நாங்க எல்லாரும் சிங்கப்பூர்லயும் மஸ்கட்லயும் இருக்கோம்" என்றார். அதிகாரி அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீங்க இங்கதான இருக்கீங்க?" என்றார். "பேரு?" சின்னத்தம்பி பேரைச் சொன்னார். அவர் பேருக்கு நேரே "வருகை" என்று குறித்தாகிவிட்டது. நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன், மாறா. உன் கோபம் என்னவென்று அப்போது உடம்பில் தெரிந்தது.

நாகம்மா எழுந்தாள். "சார், எங்க வீட்டுக்காரரு புதன்கெழம பிளேன் ஏறிருவாரு. நீங்க சைரன் அடிக்கதா இருந்தா அதுக்குள்ள அடிச்சிருங்க" என்றாள்.

கூட்டம் சிரித்த சிரிப்பில் மைக்செட்காரன் மைக்கை அணைத்துவிட்டான். அதிகாரியும் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. நான் எழுந்து தீர்மானத்தை வாசித்தேன். ஊரில் வசிக்காத பதினோரு பேரையும் நீக்கி, வடக்குத் தெருவின் பதினோரு பெண்களைச் சேர்ப்பது. பள்ளிக்கூடச் சாவியில் ஒன்றும் மாத்திரை அலமாரிச் சாவியில் ஒன்றும் நாகம்மா வீட்டில் இருப்பது. கிராமசபைத் தீர்மானத்தை அவர் அடிக்க முடியாது. பரிசீலனைக்கு என்று எழுதி எடுத்துப் போயிருக்கிறார். பரிசீலிக்கட்டும். சாவிகள் அன்றைக்கே கைமாறிவிட்டன. எனக்கு மாறுதல் உத்தரவு வரும் என்று பேசிக்கொள்கிறார்கள். வரட்டும்.

அப்பாவையும் கூட்டத்துக்குத் தூக்கி வந்திருந்தார்கள். தீர்மானத்தில் நீக்க வேண்டிய பேர்களை வரிசையாக வாசித்தேன். முதல் பேர் உன்னுடையது. ஆதரிப்பவர்கள் கை தூக்கச் சொன்னேன். பெண்கள் பக்கம் முழுக்கக் கை எழுந்தது. ஆண்கள் பக்கம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பக்கத்தில் முதலில் கை தூக்கியது அப்பா.

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா
வைதேகி